கரும்பை ஆராய்ந்த காரிகை

பொங்கல் திருநாளில் கரும்பைக் கடித்துச் சுவைக்கும் நாங்கள், அக்கரும்பின் குலமரபை ஆராய்ந்த பெண்மணியைப் பற்றி அண்மையில்தான் அறிந்தோம். அவர்தாம் டாக்டர் ஜானகி அம்மாள்.

1897-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த தலச்சேரியில் அவர் பிறந்தார். எங்களைப் போலவே கன்னியர் மடப் பள்ளியில் கல்வி பயின்றார். பின்னர் சென்னை இராணி மேரி கல்லூரியில் படித்து, மாநிலக் கல்லூரியில் 1921-இல் தாவரவியல் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். பெண்களுக்குத் திருமணமே முடிவு என்றிருந்த காலம் அது. அவரோ உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்றார். 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றார். இறுதிவரை மணம் செய்துகொள்ளாமல் அறிவியலுக்கே வாழ்வை அளித்தார்.

அவர் ஆராய்ந்த பொருள் என்ன? உயிரணுவின் உட்கருவில் குரோமோசோம்கள் என்னும் நுண்ணிய இழைகள் உள்ளன. பெற்றோரின் பண்புகளைப் பிள்ளைகளுக்குக் கொண்டு செல்லும் மரபணுக்கள் அவற்றில்தான் அமைந்துள்ளன. நெல்லுக்கு 24 குரோமோசோம்கள், மக்காச்சோளத்திற்கு 20, மனிதருக்கு 46. 1934-இல் கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்த அம்மையார், கரும்பை மக்காச்சோளம் முதலிய புல்லினங்களோடு கலந்து, புதிய கலப்பினங்களை உண்டாக்கி, அவற்றின் குரோமோசோம்களை உருப்பெருக்கியில் எண்ணிப் பார்த்தார்.

பெண் என்பதாலும் பிறந்த சாதியாலும் இன்னல்கள் பல நேர்ந்தன. அவர் மனம் தளரவில்லை. பின்னர் இங்கிலாந்து சென்றார். போர்க்காலத்திலும் ஆராய்ச்சியைத் தொடர்ந்து, டார்லிங்டன் என்ற அறிஞருடன் சேர்ந்து, பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்த பெருநூலை 1945-இல் வெளியிட்டார். அங்கே ஒரு மக்னோலியா மலருக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று 1951-இல் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைக்கப் பாடுபட்டார். 1977-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். எண்பது வயதிலும் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டைக் காக்கக் குரல் கொடுத்தார். 1984 பிப்ரவரி 7-ஆம் நாள் சென்னையை அடுத்த மதுரவாயலில் மறைந்தார்.

அம்மையாரின் வாழ்வு எங்களைச் சிந்திக்க வைத்தது. பெண் குழந்தை பிறந்தால் தாயைக் குறை கூறுவோர் வேங்கிக்காலிலும் உண்டு. அறிவியல் கூறுவது வேறு. நம் 46 குரோமோசோம்களில் 23 தாயிடமிருந்தும் 23 தந்தையிடமிருந்தும் வருகின்றன. தாய் எப்போதும் எக்ஸ் குரோமோசோமையே தருகிறாள். தந்தை எக்ஸ் தந்தால் பெண், ஒய் தந்தால் ஆண். இதில் தாயின் குற்றம் ஏது? தந்தையின் குற்றந்தான் ஏது? இறைவன் தரும் கொடையில் குற்றம் காண்பது முறையா?

பெற்றோரே! கல்வி கற்க வாய்ப்பளித்தால் உங்கள் மகளும் ஒரு ஜானகி அம்மாள் ஆகலாம். தோழியரே! கிடைத்த வாய்ப்பை வீணாக்காமல் ஊக்கத்துடன் பயில்வோம். இல்லத்திற்கும் நாட்டிற்கும் பெருமை சேர்ப்போம்.