பெயர்ப் பொருள் கண்ட வீரமாமுனிவர்

இத்தாலியில் 1680-ஆம் ஆண்டு தோன்றி, 1710-இல் இந்தியா போந்த பெஸ்கி பாதிரியார், உறுதியுடையவர் எனப் பொருள்படும் கான்ஸ்டன்டைன் என்னுந் தம் பெயருக்கேற்பத் தைரியநாதர் எனப்பட்டார், பின்னர் வீரமாமுனிவராயினார். 1726-இல் தேம்பாவணி பாடுங்கால், எபிரேயப் பெயர்கள் பலவற்றின் ஒலியை விடுத்துப் பொருளையே நோக்கினார். பெருகுதல் என்னுங் கருத்துடைய யோசேப்பு வளனாயினார். இறையருள் குறிக்கும் யோவான் கருணையனாயினார். வேற்றூரார் நம்மூராராயினர். அந்நூல் 1851 முதல் அச்சேறியதும் நம் கிருமாம்பாக்கத்திற்கு அணித்தாகிய புதுவையிலேயாம்.

நகையூட்டவும் அவர்க்குப் பெயரே கருவியாயிற்று. பரமார்த்தம் என்பது மேலான மெய்ப்பொருள். அப்பெயர் தாங்கிய குருவின் சீடரோ மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன்! நால்வர் பெயரும் அறிவின்மையே குறிக்க, மிலேச்சன் என்பது மட்டும் வேற்றுநாட்டாரை இகழும் சொல். வேற்றுநாட்டினராகிய முனிவர் அதனையுந் தாமே எடுத்துச் சூட்டிய துணிவை என்னென்பது!