நேரம் கண்டுபிடித்த பேராசிரியர்

ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் வாசலில் நிற்கும்போது, பங்கில் நோயுற்றிருக்கும் ஒரு பாட்டியைப் பார்த்து வரலாமா என்று யாராவது கேட்டால், நேரமில்லை என்ற சொல் நம் நாவில் தயாராக நிற்கிறது. பரீட்சை இருக்கிறது, வீட்டு வேலை இருக்கிறது. அது பொய்யும் அன்று. ஆனால் நம் பங்குகளில் வீடு வீடாகச் சென்று ஏழைகளைச் சந்திக்கும் வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கியவர் வேலையற்றவர் அல்லர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பிரெடரிக் ஓசானாம் 1813-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் மிலான் நகரில் பிரெஞ்சுப் பெற்றோருக்குப் பிறந்தார். வளர்ந்தது பிரான்சிலுள்ள லியோன் நகரில். தந்தை மருத்துவர். ஏழை நோயாளிகள் குடியிருந்ததோ உயரமான மாடிக் கட்டடங்களின் உச்சியில். முதுமை வந்தபோது, கணவரும் மனைவியும் ஒருவர் மற்றவரின் உடல்நிலையை எண்ணி, நான்காம் மாடிக்கு மேல் ஏறுவதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டார்களாம். பிறகு ஒருநாள் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஏறிச் சென்று, மேல்மாடியில் எதிரெதிரே அகப்பட்டுக்கொண்டார்களாம்! இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு வேறு பாடம் வேண்டுமா?

1831-இல் சட்டம் பயிலப் பாரிஸ் சென்றார். அங்கே விஞ்ஞானி அம்பேரின் இல்லத்தில் தங்கினார். மின்னோட்டத்தை அளக்க நாம் வகுப்பில் சொல்லும் அலகு அவர் பெயரால் அமைந்ததே. அக்காலத்துப் பல்கலைக்கழகத்தில் விசுவாசத்தை ஏளனம் செய்தவர்கள் பலர். விவாதக் கூட்டம் ஒன்றில், திருச்சபை முன்பு செய்தது போகட்டும், இன்று ஏழைகளுக்கு நீங்கள் செய்வது என்ன என்று ஒரு மாணவர் கேட்டுவிட்டார். கேள்வி தைத்தது. 1833 ஏப்ரல் 23 அன்று, ஓசானாமுக்கு இருபது வயது நிறைந்த நாளில், மாணவர்கள் சிலர் பெயி என்ற பத்திரிகையாளரின் அலுவலகத்தில் கூடினர். சபை பிறந்தது.

நல்ல மனம் இருந்தது, வழிதான் தெரியவில்லை. மூஃப்தார் பகுதியின் சேரிகளில் உழைத்து வந்த சகோதரி ரொசாலி அவர்களுக்கு வழி காட்டினார். எந்த வீட்டுக்குப் போவது, எப்படிப் பேசுவது என்று கற்றுக்கொடுத்தார். ரொட்டிக்கும் இறைச்சிக்கும் சீட்டுகள் தந்தார். ஓசானாமும் நண்பர் ஒருவரும் குளிர்காலத்துக்கு வைத்திருந்த விறகில் மீதியைத் தாங்களே ஒரு ஏழை வீட்டுக்குச் சுமந்து சென்றனர். உதவியை ஆள் மூலம் அனுப்பியிருக்கலாம். ஆனால் உட்கார்ந்து பேசும் நேரத்தை ஆள் மூலம் அனுப்ப முடியாதே! வாரந்தோறும் கூடியதால் வீட்டைப் பிரிந்திருந்த அம்மாணவர்களின் விசுவாசமும் காக்கப்பட்டது. இதை நாம் சிறிய பயனாக எண்ணவில்லை.

பிறகு வேலை குறைந்ததா? சட்டத்தில் முனைவர் பட்டம், 1839-இல் இலக்கியத்தில் முனைவர் பட்டம், சோர்போனில் பேராசிரியர் பதவி, நூல்கள், பத்திரிகைக் கட்டுரைகள். 1841 ஜூன் 23-இல் அமேலியை மணந்தார். ஊருக்கு உழைத்து வீட்டை மறந்தவர் அல்லர் அவர். ஒவ்வொரு மாதமும் 23-ஆம் நாள் மனைவிக்கு மலர் தரத் தவறியதில்லை.

ஒரு புத்தாண்டு நாளில், தாம் அறிந்த ஏழைக் குடும்பம் ஒன்று வீட்டிலிருந்த ஒரே நல்ல அலமாரியை அடகு வைத்துவிட்டதை மனைவியிடம் சொல்லி, அதை மீட்டுக் கொடுக்க விரும்பினார். வீட்டுக் கணக்கைப் பார்த்த அமேலி வேண்டாமென்றார். குடும்பம் நடத்தும் நம் தாய்மாருக்கு அவர்மீது கோபம் வராது. ஓசானாமும் விட்டுவிட்டார். மாலையில், சிறு மகள் மரியாவுக்கு வந்து குவிந்த பரிசுகளைக் கண்டபோது முகம் வாடியது. காரணம் அறிந்ததும் மனைவியே அவரைப் போகச் சொன்னார். உடனே புறப்பட்டு, அலமாரியை மீட்டு அந்தக் குடும்பத்திடம் சேர்த்துவிட்டு, மலர்ந்த முகத்தோடு வீடு திரும்பினார்.

உடல் மட்டும் ஒத்துழைக்கவில்லை. சுகம் தேடி இத்தாலி சென்ற காலத்திலும், அங்கிருந்த சபைக் கிளைகளைச் சந்திக்கப் போனார். 1853 செப்டம்பர் 8, நாம் வேளாங்கண்ணித் திருவிழா கொண்டாடும் அன்னையின் பிறந்தநாளில், மார்சேய் நகரில் இறந்தார். வயது நாற்பது. மரியாவுக்கு எட்டு. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1997 ஆகஸ்ட் 22 அன்று பாரிஸில் அவரை அருளாளராக அறிவித்தார். சீட்டுகள் கொடுத்தனுப்பிய சகோதரி ரொசாலியும் 2003-இல் அருளாளரானார்.