ஒங்கோல் கிளஃப் பாதிரியார்

தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிப் பாட்டன்மார் வழியாகக் கேள்விப்படாத குடும்பம் நம்மில் குறைவு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய அப்பஞ்சம், அன்று சேலம் ஜில்லாவில் அடங்கியிருந்த நம் பாப்பாரப்பட்டிப் பகுதியையும் விட்டுவைக்கவில்லை. அதே பஞ்சத்தில், அதே மாகாணத்தின் தெலுங்கு நாட்டு ஒங்கோலில் பெயர் பெற்றவர் ஜான் எவரெட் கிளஃப்.

1836-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிறந்த அவர், இளமையில் நில அளவைக் குழுவில் உழைத்தவர். பாப்டிஸ்ட் ஊழியராக 1865-இல் இந்தியா வந்து, மறு ஆண்டு ஒங்கோலில் குடியேறினார். 1867 ஜனவரி 1-ஆம் நாள் அங்கே திருச்சபை தொடங்கியபோது உறுப்பினர் எண்ணிக்கை 8.

மாதிகர்களை அவர் தேடிப் போனார் என்பதைவிட, அவர்கள் அவரைத் தேடி வந்தார்கள் என்பதே பொருந்தும். எர்ரகுண்ட்ல பேரய்யா என்னும் தோல் தொழிலாளி 1866-இலேயே மனைவியுடன் திருமுழுக்குப் பெற்றார். யோக நெறி பயின்று, தம் இனத்தாரிடையே ஆன்மிக மதிப்புப் பெற்றிருந்தவர் அவர். நம் பகுதி அருந்ததியரோடு தொழிலாலும் மொழியாலும் நெருங்கியவர்கள் மாதிகர்கள் என்பதை இளைஞர்கள் நினைவிற் கொள்க.

இவர்கள் சபையில் சேர்வதை ஒங்கோலின் மேல்சாதியார் பொறுக்கவில்லை. பாதிரியார் நடத்திய பள்ளியில் பயின்ற தம் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டனர். நிறைந்திருந்த வகுப்பறை வெறுமையாவதன் வேதனை ஆசிரியர்களாகிய நாம் அறியாததன்று. எனினும் அவர் மாதிகர்களைக் கைவிடவில்லை. சபையில் சேர்ந்தவர்கள் செத்த மாட்டிறைச்சி உண்பதையும் கோவில் விழாக்களுக்குப் பறையடிப்பதையும் விட்டனர்; அதற்காக ஊராரின் கொடுமைகளுக்கு ஆளாயினர்.

பஞ்சம் வந்தது. பக்கிங்ஹாம் கால்வாயின் மூன்றரை மைல் நீளத்தை வெட்டும் ஒப்பந்தத்தைக் கிளஃப் ஏற்றார். பழைய நில அளவை அனுபவம் கை கொடுத்தது. ஆயிரக்கணக்கானோர் மண் வெட்டிக் கூலி பெற்று உயிர் தப்பினர். போதகர்களே மேற்பார்வையாளர்களாக நின்றமையால் அடியும் வசையும் அங்கே இல்லை.

பலர் கவனியாத செய்தி இனிமேல்தான். அப்பதினைந்து மாத காலம் அவர் எவருக்கும் திருமுழுக்கு அளிக்கவில்லை. சோற்றுக்காகச் சேர்ந்தவர்கள் என்ற பழி அம்மக்கள் மீது விழலாகாது என்பது அவர் கருத்து. நம் பிள்ளைகள் சத்துணவிற்காகவே பள்ளிக்கு வருகிறார்கள் என்ற ஏளனத்தை நம் காதாலும் கேட்டிருக்கிறோம். ஆகவே அம்முடிவின் அருமை நமக்கு விளங்குகிறது. உதவி வழங்குதல் ஓய்ந்த பின்னரும் மக்கள் திரண்டு வந்தனர். பணம் இல்லை என்றார். பணம் கேட்க வரவில்லை என்றனர். 1878 ஜூலை 3-ஆம் நாள் குண்டலகம்மா ஆற்றில், வெல்லம்பள்ளி அருகே, ஒரே நாளில் 2,222 பேர் திருமுழுக்குப் பெற்றனர். ஆற்றில் இறங்கி அதனை அளித்தவர்கள் தெலுங்குப் போதகர்கள் அறுவர். இருவர் இளைத்தால் வேறிருவர் என மாறி மாறி நின்றனர். அவ்வாண்டு முடிவதற்குள் தொகை 9,000-ஐக் கடந்தது.

வந்தவர்களுக்கு எழுத்தறிவு வேண்டியிருந்தது. சிற்றூர்தோறும் பள்ளிகள் எழுந்தன. போதகர்களைப் பயிற்றுவிக்க இராமபட்டினத்தில் 1872-இலேயே இறையியற் பள்ளி தோன்றியிருந்தது.

1910 நவம்பரில் கிளஃப் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் காலமானார். அவர் வாழ்வை 1914-இல் நூலாக்கியவர் அவர் மனைவி எம்மா. அவ்வம்மையார் அதற்கு முன்பே, 1899-இல், செருப்புத் தைக்கும் மாதிகர்களின் கதைகளைத் தனி நூலாக எழுதி வெளியிட்டிருந்தார்.