ஆண்டது பத்து மாதம், பாடப்படுவது 300 வருஷம்: யார் இந்தத் தேசிங்கு ராஜா?

விழுப்புரம் மாவட்டம் செஞ்சிக் கோட்டையை யுனெஸ்கோ 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் சேர்த்தது. மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற தலைப்பில் மொத்தம் 12 கோட்டைகள் தேர்வாகின. அதில் 11 மகாராஷ்டிராவில் இருக்கின்றன. தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது செஞ்சி மட்டும்தான்.

ஆனால் நம்ம ஊரில் பலருக்கும் அது தேசிங்கு ராஜா கோட்டை. இத்தனைக்கும் அவர் மராட்டியர் இல்லை, தமிழரும் இல்லை. கோட்டையைக் கட்டியதும் அவர் இல்லை. ஆண்டது சுமார் பத்து மாதம். போரில் இறந்தபோது வயது 22. அப்படி இருந்தும் கோட்டையோடு அவர் பேர் எப்படி ஒட்டிக்கொண்டது?

கை மாறிக்கொண்டே இருந்த கோட்டை

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளை மதிலால் இணைத்துக் கட்டப்பட்ட கோட்டை செஞ்சி. ராஜகிரியில் முதலில் கோட்டை எழுப்பியவர் ஆனந்தக் கோன் என்பது மரபுவழிச் செய்தி. பிறகு விஜயநகரப் பேரரசின் கீழ் நாயக்கர்கள் ஆண்டார்கள். அவர்களிடமிருந்து பீஜாப்பூர் சுல்தான்கள் பிடித்தார்கள். 1677-ல் சிவாஜி வசம் வந்தது.

சிவாஜியின் மகன் ராஜாராம், முகலாயர்களிடமிருந்து தப்பி வந்து தங்கியது இங்கேதான். 1690-ல் தொடங்கிய முகலாய முற்றுகை 1698 வரை நீண்டது. கடைசியில் தளபதி சுல்பிகர் கான் கோட்டையைப் பிடித்தார். ராஜாராம் அதற்குள் தப்பிவிட்டார்.

அடுத்து வந்தவர்தான் தேசிங்கின் அப்பா. ஸ்வரூப் சிங், மத்திய இந்தியாவின் புந்தேல்கண்ட் பகுதியைச் சேர்ந்த ராஜபுத்திரர். ஔரங்கசீப் அவரைச் செஞ்சியின் கில்லேதார், அதாவது கோட்டைத் தலைவர் ஆக்கினார். அவருடைய மகன் தேஜ் சிங். அந்தப் பேர்தான் தமிழ் நாக்கில் புரண்டு தேசிங்கு ஆனது.

சண்டை எதுக்கு?

சிம்பிளாகச் சொன்னால், பாக்கிப் பணமும் பதவி உரிமையும்தான் பிரச்சினை.

செஞ்சியிலிருந்து ஆற்காட்டுக்குப் போக வேண்டிய பணம் பல வருஷமாகப் போகவில்லை. அந்தப் பாக்கி 70 லட்சம் ரூபாய் வரை இருந்ததாக வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. 1714-ல் ஸ்வரூப் சிங் இறந்ததும், புந்தேல்கண்டிலிருந்து வந்த தேசிங்கு கோட்டைப் பொறுப்பை ஏற்றார். அப்பாவுக்குப் பேரரசர் கொடுத்த கோட்டை தனக்கும் உரியது என்பது அவர் தரப்பு.

ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் அதை ஏற்கவில்லை. முகலாய முறைப்படி கில்லேதார் பதவி வாரிசுச் சொத்து கிடையாது. டெல்லியிலிருந்து புது உத்தரவு வர வேண்டும். உத்தரவு இல்லை, பாக்கியும் நிற்கிறது என்பது நவாப் தரப்பு. இன்றைய பாஷையில் இது ஒரு நிர்வாகத் தகராறு. பேசித் தீர்த்திருக்கலாம். ஆனால் ஔரங்கசீப் 1707-லேயே இறந்துவிட்டார். அதன்பின் டெல்லியின் பிடி தளர்ந்துகொண்டே வந்தது. தெற்கில் யாருக்குப் படை பலமோ அவர் வைத்ததே சட்டம்.

1714 அக்டோபர் 3

நவாப் படையில் ஆயிரக்கணக்கானோர். தேசிங்கிடம் இருந்தது சில நூறு குதிரை வீரர்கள். கோட்டைக்குள் இருந்தபடியே சமாளித்திருந்தால் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்திருக்கலாம். எட்டு வருஷ முற்றுகையைத் தாங்கிய மதில்கள் அவை. ஆனால் அவர் வெளியே வந்து மோதினார். ஆற்றில் வெள்ளம் வந்ததால் அவர் படையில் ஒரு பகுதி கடக்க முடியாமல் நின்றுவிட்டதாகவும் சொல்லப்படுகிறது.

அவருடைய நெருங்கிய நண்பர் மகமத்கான் களத்தில் இறந்தார். தேசிங்கும் அன்றே விழுந்தார். ஜெயித்த நவாப், அவர் உடலை உரிய மரியாதையோடு தகனம் செய்ய வைத்தார். கோட்டைக்குள் செட்டிக்குளத்தின் கரையில் அந்த இடம் என்று ஒரு மேடையை இன்றும் காட்டுகிறார்கள்.

அவருடைய இளம் மனைவி அதே சிதையில் உயிர்விட்டார். பாட்டும் கதையும் இதைக் கற்பின் பெருமையாகவே சொல்கின்றன. உண்மையில் அது ஒரு இளம்பெண்ணின் உயிரைப் பறித்த வழக்கம். வரலாற்றில் அவரைப் பற்றி மிஞ்சியிருப்பது ரொம்பக் கொஞ்சம். ராணிப்பேட்டை ஊருக்கு அவர் நினைவாகத்தான் அந்தப் பேர் வந்தது என்று சொல்வதுண்டு.

பாட்டில் வரும் தேசிங்கு

போருக்குப் பிறகு கோட்டை நவாப் கைக்குப் போனது. 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள், 1761-ல் ஆங்கிலேயர்கள். ஆனால் ஊர் ஊராகப் போனது தேசிங்கு ராஜன் கதைப்பாடல். தெருக்கூத்தாக ஆடினார்கள். பெரிய எழுத்துப் புத்தகமாக அச்சிட்டு விற்றார்கள். 1960-ல் எம்.ஜி.ஆர். நடிப்பில் ராஜா தேசிங்கு என்று சினிமாவாகவும் வந்தது.

கதையில் வரும் தேசிங்கு சின்ன வயசிலேயே டெல்லிக்குப் போய், யாராலும் அடக்க முடியாத குதிரையை அடக்குகிறார். பாராசாரி, நீலவேணி என்ற குதிரைகளுக்கும் மனிதர்களுக்குச் சமமான இடம் உண்டு. போருக்குக் கிளம்பும் முன் சிங்கவரம் ரங்கநாதரைக் கும்பிடப் போகிறார். போகாதே என்பதுபோல் சாமி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அப்படியும் தேசிங்கு கிளம்புகிறார். மகமத்கானுக்கோ அது கல்யாண நேரம். நண்பனுக்கு ஆபத்து என்று தெரிந்ததும் மணப்பந்தலை விட்டுக் களத்துக்கு வருகிறார்.

பாக்கிப் பணமும் டெல்லி உத்தரவும் கதையில் பின்னால் போய்விட, மானமும் நட்பும் முன்னால் வந்து நிற்கின்றன. முகலாய அதிகாரியின் மகன் என்ற அடையாளம் கரைந்து, செஞ்சியின் மகனாகவே ஆகிவிடுகிறார்.

ஸ்காட்லாந்திலும் ஒரு தேசிங்கு

இது நம்ம ஊரில் மட்டும் நடந்த விஷயம் இல்லை. ஸ்காட்லாந்தின் பாட்டு நாயகன் இளவரசர் சார்லஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட். பிறந்தது 1720-ல், இத்தாலியின் ரோம் நகரில். தன் குடும்பம் இழந்த பிரிட்டன் அரியணையை மீட்க 1745-ல் ஸ்காட்லாந்தில் வந்து இறங்கினார். அடுத்த வருஷம் ஏப்ரலில் கல்லோடன் போரில் தோற்றார். அந்தப் போர் ஒரு மணி நேரம்கூட நடக்கவில்லை. படையெடுத்து வந்து தப்பி ஓடியது வரை மொத்தம் சுமார் 14 மாதம்தான்.

அதன்பிறகு ஸ்காட்லாந்து மலைநாட்டு ஆண்கள் கட்டம்போட்ட டார்டன் துணியும் கில்ட்டும் அணிய அரசு தடை போட்டது. 1782-ல்தான் தடை நீங்கியது. 1822-ல் பிரிட்டன் மன்னர் நான்காம் ஜார்ஜே எடின்பரோவில் கில்ட் அணிந்து நின்றார். அந்த விழாவை வடிவமைத்தவர் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட். தடை செய்யப்பட்ட உடை இப்படித்தான் மொத்த நாட்டின் அடையாளம் ஆனது. கல்லோடனில் சார்லஸை எதிர்த்து நின்ற படையிலும் ஸ்காட்லாந்துக்காரர்கள் இருந்தார்கள். பாட்டுகள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

தோற்றுப்போன ஒரு இளைஞன், எங்கிருந்தோ வந்தவன், கொஞ்ச காலமே இருந்தவன். இப்படிப்பட்டவரைத்தான் இரண்டு ஊரும் தன் ஆளாக எடுத்துக்கொண்டன.

இன்னிக்கு ஏன் இது முக்கியம்?

செஞ்சி யாருடையது என்ற பேச்சு யுனெஸ்கோ அறிவிப்புக்குப் பிறகு சூடாகியிருக்கிறது. மராட்டியர் கோட்டையா, கோனார் கோட்டையா, நாயக்கர் கோட்டையா என்று ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்தால் கோட்டையே பாதியாகிவிடும்.

தேசிங்கு கதையை இந்து ராஜா, முஸ்லிம் நவாப் என்ற மதச் சண்டையாகச் சுருக்குவதும் அப்படித்தான். ஸ்வரூப் சிங்குக்குக் கோட்டையைக் கொடுத்தவர் ஔரங்கசீப். தேசிங்குக்காக உயிர்விட்டவர் மகமத்கான். செஞ்சி போகிறவர்கள் கோட்டையோடு திரும்பிவிடாமல், பக்கத்தில் உள்ள நீலாம்பூண்டிக்கும் ஒரு எட்டு போய் வரலாம். மகமத்கானின் சமாதி அங்கேதான் இருக்கிறது, குதிரையின் சமாதியோடு.