எலிகு யேல்

எலிகு யேல் (ஏப்ரல் 5, 1649 – சூலை 8, 1721) ஆங்கிலேயக் கிழக்கிந்திய நிறுவனத்தின் வணிகரும், 1687 முதல் 1692 வரை சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநரும் ஆவார். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் இவர் பெயரைக் கொண்டது. பெருஞ்செல்வம் சேர்த்திருந்தும், செல்லத்தக்க உயில் எதனையும் இவர் விட்டுச் செல்லவில்லை.

சென்னை வருகை

யேல் பாஸ்டன் நகரில் பிறந்தார். மூன்று வயதில் குடும்பத்துடன் இங்கிலாந்து சென்றவர் பிறகு அமெரிக்காவுக்குத் திரும்பவேயில்லை. 1672 இல் நிறுவனத்தின் எழுத்தராகச் சென்னை வந்தார். ஆண்டு ஊதியம் 10 பவுண்டு மட்டுமே. சொந்த வணிகத்தின் மூலமே, குறிப்பாக வைரங்களால், இவர் செல்வரானார். இவர் அங்கம் வகித்த ஆட்சிக்குழு, ஐரோப்பா செல்லும் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது பத்து அடிமைகளை ஏற்ற ஆணையிட்டது. பல்கலைக்கழகத்தின் பெயரைப் பற்றிய விவாதங்களில் இது இன்றும் பேசப்படுகிறது.

ஆளுநராக இருந்தபோது 1690 இல், இன்றைய கடலூர் மாவட்டத்தின் தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை மராத்தியரிடமிருந்து நிறுவனத்துக்காக வாங்கினார். கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு விழும் தொலைவு வரையுள்ள ஊர்களும் ஒப்பந்தத்தில் அடங்கின. அவை குண்டு கிராமங்கள் எனப்பட்டன. இதுவே புனித டேவிட் கோட்டை.

குடும்பம்

1680 நவம்பர் 4 இல், ஜோசப் ஹின்மர்ஸ் என்ற நிறுவன அதிகாரியின் விதவையான காத்தரினை மணந்தார். கோட்டையின் புனித மேரி தேவாலயத்தில் பதிவான முதல் திருமணம் இதுவே. காத்தரினுக்கு முதல் கணவர் வழியில் நான்கு மகன்களும் கணிசமான சொத்தும் இருந்தன. யேலின் வணிகத்துக்கு அச்சொத்து துணைநின்றது என்று கருத இடமுண்டு. இவர்களுக்கு டேவிட் என்ற மகனும் காத்தரின், ஆன், உர்சுலா என்ற மகள்களும் பிறந்தனர். டேவிட் 1688 இல் சிறுவயதிலேயே இறந்தான்.

1689 இல் மனைவி பிள்ளைகளுடன் இங்கிலாந்து சென்றுவிட்டார். பின்னர் யேல், வைர வணிகர் ஒருவரின் விதவையான எரோனிமா தெ பைவாவுடன் வாழ்ந்தார். அவர்களுக்குச் சார்லஸ் என்ற மகன் பிறந்தான். 1692 இல் பதவி நீக்கப்பட்ட யேல், விசாரணைகள் முடிந்து 1699 இல்தான் இலண்டன் திரும்பினார்.

உயில்

யேலின் உயில் கையொப்பமிடப்படாத வரைவாகவே எஞ்சியது. அதில் மனைவியைக் கொடியவள் எனக் குறித்து, அவருக்குரிய பங்கின் இடத்தை வெற்றிடமாக விட்டிருந்தார். ஆயினும் மனைவி இதனால் எதையும் இழக்க நேரவில்லை. உயிலின்றி இறப்பவரின் அசையும் சொத்தில் மூன்றிலொரு பங்கு மனைவிக்கும், எஞ்சியது பிள்ளைகளுக்கும் சேரவேண்டும் என்பது 1670 ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டம். மகள்களில் காத்தரின் டட்லி நார்த்தையும், ஆன் கேவென்டிஷ் பிரபுவையும் மணந்திருந்தனர்.

இழப்பு நேர்ந்தது கல்லூரிக்கே. 1718 இல் யேல் அனுப்பிய ஒன்பது பொதிச் சரக்குகள் ஏறத்தாழ 562 பவுண்டுக்கு விற்றன. 417 நூல்களும் உடன் வந்தன. அதற்காகவே கல்லூரி அவர் பெயரை ஏற்றது. வரைவு உயிலில் மேலும் 500 பவுண்டு குறிக்கப்பட்டிருந்தது. கல்லூரியின் சார்பில் முயன்றும் அது கிடைக்கவில்லை.

யேல் சேகரித்த நகைகள், ஓவியங்கள், இந்தியப் பொருட்கள் பல ஏலங்களில் விற்கப்பட்டன. அவர் உடல் வேல்சின் ரெக்சம் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. சிறுவன் டேவிட்டின் கல்லறை சென்னையில், உயர்நீதிமன்றத்தை அடுத்த பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில், தாயின் முதல் கணவர் ஹின்மர்ஸின் கல்லறையுடன் உள்ளது.