மூளை வைத்திய முன்னோடி டாக்டர் இராமமூர்த்தி

தலையில் கத்தி வைத்தால் ஆள் தேறாது என்ற பேச்சு தோட்டத்து லயங்களில் வெகு நாளாக உண்டு. ரப்பர் போய் செம்பனை வந்தாச்சு, நம் பிள்ளைகள் பலர் தாமானுக்குக் குடிபோயாச்சு. ஆனால் அந்தப் பேச்சு மட்டும் இன்னும் போகவில்லை. பெரியாஸ்பத்திரியில் டாக்டர் கையெழுத்துக் கேட்டால், அண்ணன் வரட்டும், மாமா வரட்டும் என்று நேரத்தைப் போக்குகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இந்த வாரம் டாக்டர் பி. இராமமூர்த்தியின் வாழ்க்கையைச் சொல்ல வந்தோம்.

இவர் தஞ்சைச் சீமையைச் சேர்ந்த சீர்காழியில் 1922ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் தேதி பிறந்தவர். தகப்பனாரும் டாக்டர்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துத் தேறிய இராமமூர்த்தி, 1947இல் எடின்பரோவில் எஃப்.ஆர்.சி.எஸ். பட்டம் பெற்றார். பிறகு இங்கிலாந்தின் நியூகாசல் நகரில் ரோபோதம் என்ற நிபுணரிடம் மூளை அறுவைத் தொழிலைக் கற்றார்.

அந்தக் காலத்தில் இந்தியாவில் இத்தொழில் அப்போதுதான் முளை விட்டிருந்தது. 1949இல் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கினார். 1950இல் சென்னை பொது மருத்துவமனையில் இராமமூர்த்தி தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 28. மறு வருஷமே இவ்விருவரும் டாக்டர் பல்தேவ் சிங், டாக்டர் எஸ்.டி. நரசிம்மன் ஆகியோருடன் கூடி இந்திய நரம்பியல் சங்கத்தை அமைத்தார்கள்.

இன்றுபோல் ஸ்கேன் கருவி அன்று கிடையாது. முதல் சி.டி. ஸ்கேன் ஒரு நோயாளிக்கு எடுக்கப்பட்டதே 1971இல், லண்டனில்தான். சாதாரண எக்ஸ்ரே எடுத்தால் எலும்புதான் தெரியும், மூளை தெரியாது. ஆகவே மூளையின் உட்குழிகளில் காற்றைச் செலுத்தியோ, கழுத்து இரத்தக் குழாயில் மருந்தைச் செலுத்தியோ படம் பிடித்து, எந்தப் பக்கம் கோளாறு என்று கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம்தான் கத்தி எடுப்பார்கள்.

இங்கிலாந்தில் கற்றது ஒன்று, சென்னையில் கண்டது ஒன்று. இங்கே காசநோய் மூளையிலும் கட்டியாகி ஏழை எளியவர்களை வாட்டிக்கொண்டிருந்தது. இராமமூர்த்தியும் அவருடைய தோழர்களும் இதை ஆராய்ந்து வைத்தியம் செய்தார்கள். காசநோய் மருந்தும் அறுவையும் சேர்ந்து உதவின. நல்ல மருந்துகள் பெருகிய பின்னர், பல கட்டிகள் கத்தி படாமலே கரையத் தொடங்கின.

1960களில் அவரும் டாக்டர் வி. பாலசுப்பிரமணியமும், ஆசியாவின் முதல் பெண் மூளை அறுவை மருத்துவர்களில் ஒருவரான டாக்டர் டி.எஸ். கனகாவும் சேர்ந்து புதிய முறை ஒன்றைக் கையாண்டார்கள். மண்டையில் சிறு துளை போட்டு, அளவு பார்த்து மெல்லிய கருவியை உள்ளே செலுத்தி, கைகால் நடுக்கம் போன்ற நோய்களுக்குச் சிகிச்சை செய்யும் முறை அது.

சென்னையில் நரம்பியல் கழகம் உருவானதற்கு அவர் உழைப்பே பெருங்காரணம். இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. அரசாங்க உத்தியோகம் முடிந்த பிறகும் அவர் ஓய்ந்து உட்காரவில்லை. டாக்டர் கே.எஸ். சஞ்சீவி ஏழைகளுக்காகத் தொடங்கிய வி.எச்.எஸ். மருத்துவமனையில் மூளைப் பிரிவை வளர்த்தார். தம் வாழ்க்கை வரலாற்றுக்கு, வழி நெடுக மேட்டு ஏற்றம் என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பை வைத்தார். பால்வாளி சுமந்து மேடேறியவர்களுக்கு அந்தத் தலைப்பின் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை. 2003 டிசம்பரில் அவர் காலமானார்.

இவர் கதையில் நமக்கு என்ன பாடம்? மண்டை என்பது இறுக மூடிய பெட்டி மாதிரி. உள்ளே இரத்தம் கசிந்தால் வெளியே போக வழியில்லை, மூளையை நசுக்கும். மரத்திலிருந்து விழுந்தவர், மோட்டார் சைக்கிளில் அடிபட்டவர் முதலில் எழுந்து நன்றாகப் பேசுவார். சில மணி நேரம் கழித்து வாந்தி, தூக்கக் கலக்கம் என்று சாய்ந்துவிடுவார். அந்த இரத்தத்தைக் காலத்தோடு திறந்து எடுத்தால் பலர் பிழைத்து எழுவார்கள். விடியட்டும் என்று படுக்க வைத்தால் போச்சு.

பக்கவாதமும் அப்படியே. வாய் கோணல், கை விழுதல், பேச்சுக் குழறல், இவற்றில் ஒன்று திடீரென்று வந்தாலும் உடனே புறப்பட வேண்டும். இரத்தக் கட்டி அடைத்த வாதம் என்றால் அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். எல்லாருக்கும் அது பொருந்தாது, எல்லாரும் முழுசாகத் தேறிவிடுவார்கள் என்றும் நாம் சொல்லவில்லை. ஆனால் நேரம் கழித்துப் போனால் அந்த வாய்ப்பே நம் கையை விட்டுப் போய்விடும். மந்திரிப்பு, எண்ணெய்த் தடவல் எல்லாம் அப்புறம்.

லகாட்டிலிருந்து மெங்லெம்பு வழியாக ஈப்போ பெரியாஸ்பத்திரி எட்டாத தூரமில்லை. 999க்குக் கூப்பிடுங்கள். எந்த நேரத்தில் நோய் கண்டது என்பதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மாமா வந்து சேரும்வரை மூளை காத்திருக்காது, தோழர்களே!