மகாவித்துவான் விட்டுச்சென்ற சொத்து

மண்ணச்சநல்லூரிலிருந்து கொள்ளிடமும் காவிரியும் கடந்து திருச்சிக்குள் நுழையும்போதெல்லாம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை நினைத்துக்கொள்வேன். 1815-இல் இவ்வட்டாரத்தில் பிறந்து, திருச்சியில் நெடுங்காலம் பாடம் சொல்லி, பின்னர் மாயூரத்திலும் திருவாவடுதுறை ஆதீனத்திலும் வாழ்ந்தவர் அவர்.

தலபுராணம், பிள்ளைத்தமிழ், அந்தாதி என அவர் இயற்றியவை பெரும்பாலும் சைவ நூல்களே. ஆயினும் அவர் வகுப்பு வாயிலில் சமயம் காவல் நிற்கவில்லை. கிறித்தவரான சவரிராயலு நாயகர் அவரிடம் பயின்றார். கிறித்தவரான முன்சீப் வேதநாயகம் பிள்ளையைப் பாட்டுடைத் தலைவராக்கிக் குளத்துக்கோவை பாடினார். அந்த நண்பரே 1879-இல், தமிழின் முதல் நாவலெனப் போற்றப்படும் பிரதாப முதலியார் சரித்திரத்தை வெளியிட்டார்.

1871-இல் அவரிடம் சேர்ந்த உ.வே.சாமிநாதையர், 1887-இல் சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியையும், 1894-இல் மன்னரையும் போரையும் வறுமையையும் பேசும் புறநானூற்றையும் பதிப்பித்தார். மடத்துப் பாடத்தில் இவற்றுக்கு இடமில்லை. 1880-இல் சேலம் இராமசுவாமி முதலியார் கேட்ட கேள்வியே அவரைச் சிந்தாமணியின் பக்கம் திருப்பியது. ஆனால், சிதைந்த ஏட்டில் சொல்லைப் பிரித்தறியும் பயிற்சி ஆசிரியர் தந்தது.

சமயக் கல்வியை உதறியே நவீனத் தமிழ் பிறந்தது என்போர் இதை எண்ண வேண்டும். அக்கல்வி மட்டுமே போதும் என்போரும் எண்ண வேண்டும்.

1876-இல் மகாவித்துவான் கடனோடு மறைந்தார். பொருளாதாரம் கற்பித்த எனக்கு, எந்தக் கணக்கேட்டிலும் ஏறாத அவருடைய சொத்து இன்றும் வியப்பளிக்கிறது.